பழைய பிக்கப் வண்டியின் லோடு பாடித் தகடு மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பத்துப் பதினைந்து வருடமாக ஓடும் பிக்கப் வண்டிகளைப் பார்த்தால் என்ஜின் நன்றாக இருக்கும், கியர் பாக்ஸ் நன்றாக இருக்கும், பின்னால் லோடு பாடி மட்டும் துருப்பிடித்துத் தொங்கும். அந்தத் தகடுகளை மாற்ற வருகிறவர்கள் எங்கள் பட்டறையில் கேட்கும் கேள்விகளையும், நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கேபின் டிங்கரிங் தனி வேலை, அதை இதில் சேர்க்கவில்லை.

லோடு பாடியில் எதையெல்லாம் தனித்தனியாக மாற்றலாம்?

இரண்டு சைடு, கேபினுக்குப் பின்னால் நிற்கும் முன் தகடு, டெயில் கேட், தளம், மட்கார்டு, தளத்துக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ் சேனல்கள். எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றலாம். ஆனால் வேலையின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். மூன்று பக்கமும் கீல் வைத்துத் திறக்கும் பாடியில் சைடு மாற்றுவது சுலபம்: கீல் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு வேறொன்றை மாட்ட வேண்டியதுதான். சைடும் தளமும் சேர்த்து வெல்டு செய்யப்பட்ட பாடியில் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிக்க வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யாரிடம் விலை கேட்டாலும் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

சைடில் மட்டும்தான் ஓட்டை தெரிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

தகடு மடிந்திருக்கும் இடத்திலும், இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் இடத்திலும் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் தங்கும். துரு அங்கேதான் தொடங்குகிறது. உள்ளேயே அரித்துக்கொண்டு வந்து, கடைசியில்தான் வெளிப்பக்கம் பெயின்ட் கொப்பளிக்கும். ஓட்டை கண்ணில் படும்போது உள் வேலை எப்போதோ முடிந்திருக்கும். சைடுக்கே இப்படி என்றால், சைடு உட்கார்ந்திருக்கும் தளத்து ஓரமும், தளத்தைத் தாங்கும் கிராஸ் சேனலும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பார்ப்பது கஷ்டமில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு டார்ச்சோடு அடியில் போங்கள். கையில் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னச் சுத்தி. கிராஸ் சேனல் ஒவ்வொன்றையும் முனையில் இருந்து முனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். அரித்த இடத்தில் சத்தம் அடங்கி 'டொக்' என்று கேட்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து முகத்தில் கொட்டும், அதனால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்தச் சேனல் போய்விட்டது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: பின் சக்கரத்துக்கு நேர் மேலே வரும் சேனல்கள், டெயில் கேட் கீல் பிடித்திருக்கும் கடைசிச் சேனல், பாடியும் சேஸிஸும் (வண்டி முழுவதையும் தாங்கும் நீள இரும்புச் சட்டம்) சேரும் இடத்தில் ரப்பர் பேக்கிங்குக்கு அடிப்பக்கம். ரப்பருக்கு அடியில் ஈரம் காயவே காயாது.

இந்தக் கிராஸ் சேனல்கள் சேர்ந்த பாடியின் அடிச்சட்டம் தளர்ந்திருக்கும்போது மேலே புதுச் சைடை வைத்து வெல்டு செய்தால், லோடு ஏற்றியதும் தளம் ஒரு பக்கம் அமரும், புதுத் தகட்டின் வெல்டு ஓரமாக விரிசல் விடும். ஒரே வருடத்தில் மறுபடியும் பட்டறைக்கு வர வேண்டியிருக்கும். அதனால்தான் யார் சைடு மாற்ற வந்தாலும் முதலில் வண்டிக்கு அடியில் போகிறோம்.

எங்கள் ஊர் வண்டிகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் அரிக்கின்றன? இங்கே கடற்காற்று கூட இல்லையே?

கடற்காற்று இல்லைதான். நாம் ஏற்றும் சரக்கில் அரிக்கும் சரக்கு நிறைய இருக்கிறது. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போகும் வண்டியில் கிரேட் நசுங்கிச் சாறு வழியும். தக்காளிச் சாறு புளிப்பு, அதாவது அமிலம். மாங்காய் சீசனில் பெங்களூரா மாங்காயை மாங்கூழ் ஆலைக்கு ஏற்றுகிறோம். காம்பில் வடியும் பாலும் அடியில் நசுங்கிய பழமும் தளத்தில் ஒட்டிக் கிடக்கும். அடிபடாமல் இருக்கப் பரப்பும் வைக்கோல் அந்தச் சாற்றை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் கணக்கில் தகட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால் சாற்றைவிட அந்த வைக்கோல்தான் அதிகம் கெடுக்கிறது.

அப்புறம் உரம். பொட்டாஷ் மூட்டையில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. மூட்டை கிழிந்து கொட்டியதைப் பெருக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். மடிப்புக்குள் போன தூள் அங்கேயே இருந்து ஈரத்தை இழுக்கும். மாடு ஏற்றிய வண்டியில் கோமியமும் சாணமும் அதே வேலையைச் செய்யும். கிரானைட் கல் ஏற்றும் வண்டி வேறு வகை: கல் உராய்ந்து பெயின்ட்டைச் சுரண்டிவிடும், வெறும் இரும்பு வெளியே தெரியும், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுப் போடுவதா, சைடையே மாற்றுவதா, மொத்த பாடியையும் மாற்றுவதா?

ஓட்டை உள்ளங்கை அளவுக்குள் இருந்து, சுற்றிலும் தகடு கணீர் என்று இருந்தால் ஒட்டுப் போடலாம். ஆனால் ஓட்டையை மூடி மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டுவது ஒட்டு அல்ல. அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே அளவில் தகடு வெட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து வெல்டு செய்ய வேண்டும். மேலே வைத்து ஒட்டினால் இரண்டு தகடுக்கும் நடுவில் மறுபடியும் தண்ணீர் தங்க ஓர் இடம் உண்டாக்கியதாகிவிடும்.

ஒரு சைடின் கீழ் ஓரம் முழுக்கப் போயிருந்தால் ஒட்டுக் கணக்குப் பார்க்காமல் சைடையே மாற்றுங்கள். இரண்டு சைடும் தளமும் போய், கிராஸ் சேனலில் பாதிக்கு மேல் குத்தினால் இறங்குகிறது என்றால், ஒவ்வொன்றாக மாற்றுவதில் கூலி ஏறிக்கொண்டே போகும். அந்த நிலையில் அதே மாடலின் நல்ல பாடி ஒன்று முழுதாகக் கிடைத்தால் தூக்கி மாட்டுவது மேல். கிடைக்கவில்லை என்றால் அடிச்சட்டத்தில் இருந்து புதிதாகக் கட்ட வேண்டும். அது பாடி கட்டும் பட்டறை வேலை, டிங்கர் வேலை அல்ல. நாமக்கல் பக்கம் பாடி கட்டுவதில் பேர் போனது. நம் பக்கத்திலும் செய்கிறார்கள்.

பழைய வண்டியில் இருந்து கழற்றிய சைடு பொருந்துமா? எங்கே தேடுவது?

பொருந்தும், மாடலும் வருடமும் பாடி நீளமும் ஒன்றாக இருந்தால். ஒரே பெயரில் வந்த பிக்கப்பிலேயே வெவ்வேறு நீளத்தில் பாடி வந்திருக்கிறது. டாடா ஏஸ் 2005-லும், நம் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-லும் வந்தவை. அதற்குப் பிறகு எத்தனையோ மாற்றங்கள். பெயரை நம்பிப் போகாதீர்கள், டேப்பை நம்புங்கள்.

போகும் முன் நான்கு அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: சைடின் வெளி நீளம், உயரம், கீலில் இருந்து கீலுக்கு உள்ள இடைவெளி, கொண்டி மாட்டும் இடம் ஓரத்தில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது. முதல் இரண்டை எல்லாரும் எடுப்பார்கள். பின்னது இரண்டும்தான் வீட்டுக்கு வந்த பிறகு தகராறு செய்யும். போனில் படமும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பழைய பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை எல்லாருக்கும் தெரிந்தது. நமக்குப் பெங்களூருதான் கிட்டம். சிவாஜி நகர்ப் பழைய சாமான் கடைகளில் தேடலாம். கோவை உக்கடத்திலும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள், எந்த வண்டியில் இருந்து எடுத்தது என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சைடைத் திருப்பிப் போட்டுக் கீழ் மடிப்பைப் பாருங்கள். காந்தம் ஒன்று கையில் இருந்தால், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி மறைத்த இடத்தில் அது சரியாகப் பிடிக்காது.

புதுத் தகடு என்றால் எத்தனை கேஜ் போடுவது?

சைடுக்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) தகடு. 18 கேஜ் என்பது 1.2 மி.மீ.; மூட்டை சாய்ந்தாலே பள்ளம் விழும். தளத்துக்கு 2 மி.மீ. போதும், கல், இரும்பு ஏற்றுகிறவர்கள் 3 மி.மீ. செக்கர் பிளேட் (மேல்முகத்தில் வரி மேடு உள்ள தகடு) போடலாம்.

கனமாகப் போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று 3 மி.மீ. கேட்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு கணக்குப் பாருங்கள். இரும்புத் தகடு 1 மி.மீ. கனத்தில் ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. இரண்டரை மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலத் தளம் என்றால் 4.25 சதுர மீட்டர். 2 மி.மீ. போட்டால் 67 கிலோ, 3 மி.மீ. போட்டால் 100 கிலோ. இரண்டு சைடையும் டெயில் கேட்டையும் இதே மாதிரி ஏற்றினால், ஒவ்வொரு நடையிலும் ஒரு மூட்டைக்கு மேல் வெறும் இரும்பையே சுமந்து போவீர்கள். வண்டியின் மொத்த எடை வரம்பு ஆர்.சி.யில் இருப்பதுதான், தகடு கனமானால் அது ஏறாது. அதிலும் கனத் தகடு துருப்பிடிக்காது என்றில்லை, ஓட்டையாக நாளாகும், அவ்வளவுதான். தண்ணீர் வடிய வழி வைத்த 2 மி.மீ. தளம், வழி வைக்காத 3 மி.மீ. தளத்தைவிட நாள் தாங்கும்.

ஜி.ஐ. தகடு போட்டால் துருவே வராதாமே?

ஜி.ஐ. என்பது நாகம் (ஜிங்க்) பூசிய இரும்புத் தகடு. அந்த முலாம் இருக்கும் வரை வராது. வெல்டு செய்யும் இடத்தில் முலாம் எரிந்துவிடும், அங்கே அது சாதா இரும்புதான். எரியும்போது வரும் வெள்ளைப் புகையை சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், வெல்டர்களுக்குத் தெரிந்த விஷயம். போடுவதானால் வெல்டு வரும் ஓரத்தில் முலாமைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வெல்டு செய்து, பிறகு அந்த ஓரத்துக்கு ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும். இவ்வளவும் செய்ய ஆள் இருந்தால் போடுங்கள்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க வேண்டுமா?

இருந்த அளவிலேயே, இருந்த வடிவத்திலேயே தகட்டை மாற்றினால் அது பழுது பார்ப்பது. அதற்கு அனுமதி தேவையில்லை. அளவோ வடிவமோ மாறினால் கதை வேறு. சைடு உயரத்தைக் கூட்டுவது, பின்னால் அரை அடி நீட்டுவது, திறந்த பாடியை மூடிய கன்டெய்னராக்குவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவில் மாட்டும். தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடச் சட்டத் திருத்தத்தில் இப்படிப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் வந்தது.

வெள்ளை வண்டியை நீலமாக்க நினைத்தால் அதற்கும் முதலில் அனுமதி, பிறகுதான் பெயின்ட். ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கிறது. டிஎன் 24 (கிருஷ்ணகிரி) ஆனாலும் 29 (தருமபுரி) ஆனாலும் 70 (ஓசூர்) ஆனாலும் விதி ஒன்றுதான். வண்டி மேல் கடன் இருந்தால் எந்த மாற்றத்துக்கும் கடன் கொடுத்தவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) முன்னால் செய்வதா, பின்னால் செய்வதா?

முன்னால். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. இருக்கிறது, ஓட்டைத் தளத்தோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். பெயின்ட் அடித்த பிறகு ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளைத் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு.

இன்சூரன்ஸில் கிடைக்குமா?

துருவுக்குக் கிடைக்காது. அது தேய்மானம். விபத்தில் நசுங்கியது என்றால் கேட்கலாம். ஆனால் வண்டி 10 வருடம் தாண்டியிருந்தால் இரும்புப் பாகங்களின் விலையில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். வணிக வாகனப் பாலிசியில் மட்கார்டு, பம்பர், விளக்கு, பெயின்ட் போன்றவை அடிபட்டால் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவு சேர்த்திருந்தால்தான் பணம் வரும். பாலிசி காகிதத்தில் அந்த எண் இருக்கிறதா பாருங்கள். கிளெய்ம் போடுவதாக இருந்தால் சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றாதீர்கள்.

போல்ட் எல்லாம் துருவில் இறுகிப் போயிருக்கிறது. எப்படிக் கழற்றுவது?

முதல் நாளே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைவு கொடுத்துவிட்டுப் பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கிரைண்டரால் நட்டை வெட்டிவிடுங்கள். அந்தப் போல்ட்டைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, திரும்ப மாட்டும்போது எப்படியும் புதுசுதான். 8.8 என்று தலையில் எழுதிய போல்ட்டும், நைலான் வளையம் வைத்த நட்டும் வாங்கிப் போடுங்கள். இருந்த ரப்பர் பேக்கிங்குக்குப் பதில் ரப்பர் பேக்கிங்தான் வர வேண்டும். அதை எடுத்துவிட்டு இரும்போடு இரும்பாக இறுக்கினால் பாடி முழுக்க அதிர்வு ஏறும்.

ஓட்டை பொருந்தவில்லை என்று சேஸிஸில் புதிதாகத் துளை போடச் சொல்வார்கள். சேஸிஸ் பட்டையின் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் துளையோ வெல்டோ கூடவே கூடாது. வண்டி வளையும்போது அதிக இழுவையைத் தாங்குவது அந்த முகங்கள்தான். தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும் வண்டியின் சேஸிஸில் விரிசல் விடும் வேலையை நாம் பட்டறையில் தொடங்கி வைக்கக் கூடாது. பாடி பக்கத்துப் பிராக்கெட்டைத் திருத்துங்கள், சேஸிஸைத் தொடாதீர்கள்.

வண்டியில் வைத்தே வெல்டு செய்யலாமா?

முடிந்தால் பாடியைக் கழற்றித் தரையில் வைத்துச் செய்யுங்கள். சங்கிலிக் கப்பி இருந்தால் தூக்குவது பெரிய விஷயமில்லை, அடிப்பக்கமும் கைக்கு எட்டும். வண்டியில் வைத்தே செய்தாக வேண்டும் என்றால் சில ஒழுங்குகளைத் தவறவே கூடாது.

பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றுங்கள். ஈ.சி.எம். (என்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டி) இருக்கும் வண்டியில் அதன் கனெக்டரையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் கவ்வியை வெல்டு செய்யும் தகட்டிலேயே, வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கோ ஓர் அச்சில் மாட்டினால் கரண்ட் சக்கர பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். சேஸிஸ் ஓரமாகப் போகும் ஒயர், பிரேக் பைப், டீசல் பைப் எங்கே இருக்கின்றன என்று பார்த்து ஒதுக்கிக் கட்டுங்கள்.

டீசல் டேங்க் பாடிக்கு அடியில்தான் இருக்கும். "டீசல்தானே, பெட்ரோல் இல்லையே" என்று சொல்வதைக் கேட்காதீர்கள். பக்கத்தில் வெல்டு சூடு ஏறும்போது முக்கால்வாசி காலியான டேங்கில் நிற்கும் ஆவி ஆபத்தானது. கழற்றி வெளியே வைப்பதுதான் சரி. ஈரச் சாக்கும் மணல் வாளியும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடனே பட்டறையைப் பூட்டிக்கொண்டு போகாமல் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். தீப்பொறி ரப்பரிலோ வைக்கோல் துணுக்கிலோ புகைந்துகொண்டிருக்கும்.

கேஸ் வெல்டிங்கா, ஆர்க்கா, கோ2-வா?

16 கேஜ் தகட்டுக்குக் கோ2 வெல்டிங்தான் (கரியமில வாயு சூழக் கம்பியை உருக்கி ஒட்டுவது) நல்லது, 0.8 மி.மீ. கம்பியில். சூடு குறைவு, தகடு நெளியாது. ஆர்க்கில் செய்யும் கைத்திறமைக்காரர்கள் இருக்கிறார்கள். 12-ஆம் நம்பர் ராடு போட்டு, கரண்ட்டைக் குறைத்து, விட்டு விட்டுத் தொடுவார்கள். கிராஸ் சேனலுக்கு ஆர்க் தாராளமாகப் போதும். கேஸ் வெல்டிங்கில் நீளத் தகட்டை ஓட்டினால் அலை அலையாக நெளிந்துவிடும், பிறகு அதைப் பட்டியால்தான் மறைக்க வேண்டியிருக்கும்.

எந்த முறையானாலும் ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை ஒரே ஓட்டமாக இழுக்காதீர்கள். முதலில் முழு நீளத்துக்கும் சாண் இடைவெளியில் புள்ளி வையுங்கள். அளவு பாருங்கள். பிறகு ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அந்தக் கோடியில், அடுத்தது நடுவில் என்று சூட்டைப் பரப்பிக்கொண்டே போங்கள். ஸ்பாட் வெல்டு இருந்த இடத்தில் மேல் தகட்டில் 8 மி.மீ. துளை போட்டு, அந்தத் துளையை வெல்டால் நிரப்பினால் பழைய பிடிப்பு வரும். இரண்டு தகடு ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில், சேர்ப்பதற்கு முன்பே இரண்டு முகத்திலும் ஜிங்க் பிரைமர் அடித்துவிட வேண்டும். சேர்த்த பிறகு உள்ளே எந்த பிரஷ்ஷும் போகாது.

அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மூலைக்கு மூலை. முன் இடது மூலையில் இருந்து பின் வலது மூலைக்கு ஒரு அளவு, முன் வலதில் இருந்து பின் இடதுக்கு ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது, 5-க்கு மேல் போனால் டெயில் கேட் மூடாது. நீளமும் அகலமும் சரியாக இருந்தும் பாடி சாய்சதுரமாகப் போயிருக்கலாம், அதை இந்த அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

இதைப் பார்க்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் சமதரையில் நிற்க வேண்டும், டயர் காற்றும் சமமாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி வைத்துக்கொண்டு வெல்டு செய்தால் சேஸிஸ் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். இறக்கிய பிறகு முறுக்கு விலகும், கொண்டி தன் இடத்தில் உட்காராது. ரசமட்டத்தைத் தளத்தில் குறுக்காகவும் நெடுக்காகவும் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சைடு மேல் ஓரத்துக்கு ஒரு நூல் பிடித்துவிட்டால் வளைவு இருந்தால் உடனே தெரியும்.

எல்லாத் தகட்டையும் புள்ளி வெல்டில் நிறுத்தி, டெயில் கேட்டை மாட்டி, கையால் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் முழு வெல்டு. இந்த ஒரு பழக்கத்தை விடாமல் வைத்திருக்கும் மாஸ்டரிடம் வண்டியைத் தாராளமாக விடலாம்.

தகடு மாற்றிய பிறகு டெயில் கேட் லோடில் மட்டும் ஆடுகிறது. ஏன்?

காலி வண்டியில் சரியாகவும் லோடில் தளர்வாகவும் இருந்தால், கடைசிக் கிராஸ் சேனல் கீழே வளைகிறது என்று அர்த்தம். கீலை எத்தனை தடவை மாற்றினாலும் நிற்காது. அந்தச் சேனலை மாற்றுங்கள். காலியிலேயே ஆடினால் கீல் ஆணி தேய்ந்திருக்கும், அது சின்ன வேலை.

பட்டி, பிரைமர், பெயின்ட்டை எந்த வரிசையில் அடிப்பது?

துருவும் எண்ணெயும் இல்லாமல் தேய்த்துத் துடைத்த தகட்டில் எபாக்சி பிரைமர். அதன்மேல், தேவையான இடத்தில் மட்டும், மெல்லிசாகப் பட்டி. அதன்மேல் மறுபடி பிரைமர், பிறகு பெயின்ட் இரண்டு கை. வெறும் ரெட் ஆக்சைடு அடித்து மழையில் நிறுத்திவிட்டுப் பெயின்ட் அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அது ஈரத்தை உள்ளே விடும்.

லோடு பாடிக்கு அதிகம் பட்டி வேண்டாம். 2 மி.மீ.க்கு மேல் பூசினால் முதல் மூட்டை இடிக்கும்போதே பெயரும். தகட்டில் லேசான அலை தெரிந்தாலும் பரவாயில்லை, இது சரக்கு ஏற்றும் வண்டி. பட்டிக்குக் கொடுக்கும் காசை சீலண்ட்டுக்கு (இணைப்பில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) கொடுங்கள். சைடும் தளமும் சேரும் இணைப்பு முழுவதும், மட்கார்டைச் சுற்றிலும், முன் தகட்டின் அடியிலும் பிரைமருக்குப் பிறகு சீலண்ட் இழுத்து விரலால் அழுத்தி விடுங்கள். அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட்டிங்.

அடியில் பழைய என்ஜின் ஆயில் அடித்தால் துரு வராது என்கிறார்களே?

கொஞ்ச நாளைக்கு வராது. ஆனால் அது ரப்பர் புஷ்ஷையும் பேக்கிங்கையும் ஊற வைத்துக் கெடுக்கும், மண்ணைப் பிடித்து வைக்கும், பிரேக் பக்கம் பட்டால் ஆபத்து. தோட்டத்தில் நிறுத்தும் வண்டியில் இருந்து சொட்டும் ஆயில் மண்ணுக்கும் கேடு. நாங்கள் அடிப்பதில்லை.

வருடத்தில் எப்போது கொண்டு வருவது நல்லது?

மாங்காய் சீசன் முடிந்து ஆலைகளுக்கு லோடு குறைந்ததும், ஆடிக் கடைசியிலோ ஆவணித் தொடக்கத்திலோ. ஆயுத பூஜைக்குப் புதுப் பெயின்ட்டோடு நிறுத்த வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை, நியாயமான ஆசைதான். ஆனால் எல்லாரும் புரட்டாசியில்தான் வருகிறார்கள். அந்த நேரம் நம் பக்கம் மழையும் பிடிக்கும், பட்டறையிலும் இடம் இருக்காது. ஈரக் காற்றில் அடித்த பெயின்ட் வெளிறும், பட்டி காயாது. பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் கொடுத்தால் ஒவ்வொரு கைக்கும் நடுவில் காய விட நேரம் கிடைக்கும்.

செலவை எப்படிப் பேசிக்கொள்வது?

"மொத்தமாக இவ்வளவு" என்று பேசாதீர்கள். தகடு எத்தனை கிலோ, என்ன கேஜ், கழற்றி மாட்டும் கூலி, வெல்டிங், பிரைமர், சீலண்ட், பெயின்ட் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கிராஸ் சேனல் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்பதால் அதற்கு "ஒரு சேனலுக்கு இவ்வளவு" என்று முன்பே பேசிவிடுங்கள். மொத்தத் தொகை பேசிய வேலையில் முதலில் விட்டுப்போவது கண்ணுக்குத் தெரியாத சீலண்ட்டும் அடிப்பக்கப் பிரைமரும்தான்.

புதுத் தகடு நாள் தாங்க என்ன செய்ய வேண்டும்?

தளத்தில் நான்கு மூலையிலும் வடிகால் ஓட்டை இருக்க வேண்டும், அதில் மண் அடையாமல் வாரம் ஒருமுறை கம்பி விட்டுப் பாருங்கள். தக்காளியோ மாங்காயோ உரமோ ஏற்றிய அன்றே வைக்கோலை வெளியே தள்ளி, தண்ணீர் அடித்து, டெயில் கேட்டைத் திறந்து போட்டுக் காய விடுங்கள். நிறுத்தும்போது முன் பக்கம் சற்று மேடாக இருந்தால் தண்ணீர் தானாகப் பின்னால் வடியும். தளத்தில் ரப்பர் பாய் போட்டிருந்தால் மழைக்காலத்தில் அதை அடிக்கடி தூக்கிக் காய வையுங்கள்.

கழற்றிய பழைய சைடுகளை என்ன செய்வது?

வேலை முழுதாக முடியும் வரை பட்டறையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். கீல் இருந்த இடம், கொண்டி உயரம், மடிப்பின் அகலம் எல்லாவற்றுக்கும் அதுதான் அளவுகோல். பாதி வேலையில் ஒரு சந்தேகம் வந்தால் அதன்மேல் டேப் வைத்துத்தான் தீர்க்க முடியும். முடிந்த பிறகு நல்ல நிலையில் உள்ள கீல், கொண்டி, சங்கிலி, விளக்குப் பிராக்கெட்டுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, மற்றதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாம். அந்தக் காசு வண்டிக்காரருடையது, கூலி பேசும்போதே இதையும் சொல்லி வையுங்கள்.